தண்ணிப் பந்து

பந்து எங்கே போனது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

குளத்து மடைக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தோம். சிறுமலைக்கு மேலே ஏறிய வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கியிருந்தது. எதிரே காய்ந்த குளம், அதற்கப்பால் ஊர், ஊருக்கு மேலே மலைக்கோட்டைப் பாறை. எல்லோரும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பாறைப் பக்கமே பார்த்தோம். வானத்தில் ஒரு பருந்து இருந்தது. பந்து இல்லை.

அடித்தவன் மட்டையை ஊன்றிக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். காலில் செருப்பு இல்லை. அன்றுதான் முதல்முறையாக ஒரு கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்திருந்தான். அதுதான் அவனுடைய முதல் அடி.

"ஏனுங்க வக்கீலய்யா, தப்பா அடிச்சுட்டனுங்களா?" என்றான்.

வெகுதூரத்தில், பந்து பொறுக்க நின்றிருந்த மூக்கையா கையைத் தூக்கி ஆட்டினார். பிறகு திரும்பி ஓடினார். ஓடி, குனிந்தார். அவர் குனிந்த இடம் என் கல்லுக்கு அப்பால் இருந்தது.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் கல்

இரண்டு வாரமாக இந்தப் பகுதியில் என் தகப்பனாரின் வக்கீல் ஆபீசைப் பற்றி எழுதினேன். படித்தவர்கள் ரசித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் அந்த ஆபீசைவிட்டு நான் தினமும் தப்பித்துப் போன இடத்தைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஐம்பதுகளில், திண்டுக்கல்லில் கோல்ஃபா என்று நீங்கள் கேட்கலாம். பூட்டும் தோலும் பிரியாணியுமாக இருக்கிற ஊரில் அதற்கு இடம் ஏது என்று அப்போதே பலர் கேட்டார்கள். இடம் இருந்தது. ஆனால் வருஷம் முழுவதும் இருக்கவில்லை.

ஊருக்குக் கிழக்கே ஒரு பெரிய பாசனக் குளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். மாசிக்குள் வற்றிவிடும். பங்குனியிலிருந்து அடுத்த மழை வரை அந்த வெடித்த தரைதான் எங்கள் மைதானம். மில் அதிகாரிகள் சிலர், ரயில்வே டாக்டர் ஒருவர், தோல் பதனிடும் ஷாப்புக் குடும்பத்துப் பையன்கள் இருவர், நான். இதுதான் கிளப்.

மேற்கே தொலைவில் குளிர் மலைமேல் இருந்த பெரிய கிளப்பில் புல் வளர்த்து விளையாடினார்கள். எங்களுக்குப் புல் கிடையாது. குழியைச் சுற்றி ஆற்று மணலைக் கொட்டி, லாரியிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றிக் கலந்து, உருளை ஓட்டிச் சமப்படுத்துவோம். யாராவது நடந்து தடம் விழுந்தால் மூக்கையா ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு போய் அதை அழிப்பார். மூக்கையா குளத்தில் ஆடு மேய்க்க வந்தவர். மைதானத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

கோடையில் சுற்றுப்பட்டு விவசாயிகள் குளத்து வண்டலை வெட்டி வண்டியில் அள்ளிப் போவார்கள். அது அவர்கள் உரிமை. வருஷா வருஷம் புதுப் பள்ளங்கள் விழும். பள்ளத்துக்குத் தகுந்தபடி எங்கள் ஆட்டப் பாதையும் மாறும். வண்டிக்காரர்கள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் "முட்டை தேடுற கூட்டம்".

மாறாதது ஒன்றுதான். மடைக்கு அருகே ஒரு மண்மேடு. முதல் அடியை எப்போதும் அங்கிருந்துதான் அடிப்போம். அந்த அடியில் யாருடைய பந்து எல்லாவற்றையும்விடத் தூரம் போகிறதோ, அது நின்ற இடத்தில் சுண்ணாம்பு பூசிய ஒரு கல்லை வைப்போம். அதைத் தாண்டி அடிப்பவர் தாமே கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கல் தண்ணீருக்குள் போகும். குளம் வற்றும்போது பாசியோடு வெளியே வரும். மூக்கையா மறுபடி சுண்ணாம்பு பூசுவார்.

பல வருஷங்கள் அது "வக்கீல் கல்". அடித்தது நான். இருநூறு கெஜம் போனாலே கைதட்டுகிற கூட்டம் எங்களுடையது. என் கல் அதற்கும் கொஞ்சம் தள்ளி இருந்தது. நான் வாதாடி ஜெயித்த எந்த வழக்கும் எனக்கு அந்தப் பெருமையைத் தரவில்லை. கோர்ட்டில் நான் என் தகப்பனாரின் மகன். குளத்தில் மட்டும் எனக்கென்று ஒரு கல் இருந்தது.

அன்று காலை அதை அவன் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மூக்கையா நின்ற இடத்தை நோக்கி நடந்தான். பாதியில் நின்று, "இன்னும் போகோணுங்களா?" என்று கேட்டது மேட்டில் இருந்த எங்களுக்கும் கேட்டது.

"வாங்கப்பு, இன்னும் அம்புட்டுத் தூரம் கெடக்கு" என்றார் மூக்கையா.

முந்நூறு கெஜத்துக்கு மேலே இருந்தது அந்தப் புது இடம். மேட்டில் பற்றவைத்த பீடி, கல்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் விரலைச் சுடும் என்று மூக்கையா பிற்பாடு எல்லோரிடமும் சொல்லுவார்.

குரும்பை அடித்தவன்

அவன் பெயர் சென்னியப்பன். ஊர் பழனிக்குப் பக்கம் நெய்க்காரப்பட்டி. தென்னந்தோப்புக் குடும்பம். திண்டுக்கல்லில் அவர்களுக்கு ஒரு தேங்காய் மண்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வந்தவன், மண்டிக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தான். வாய்க்கால் தகராறு ஒன்றுக்காக என்னைத் தேடி ஆபீசுக்குப் போயிருக்கிறான். வக்கீல் குளத்தில் இருப்பார் என்று யாரோ சொல்ல, பத்திரக் கட்டோடு அங்கேயே வந்துவிட்டான். காத்திருந்தவனிடம் வேடிக்கைக்காக மட்டையை நீட்டியவன் நான்தான்.

என்னைவிட ஆறேழு வயது இளையவன். நல்ல உயரம், பருமன் கிடையாது. சின்ன வயதில் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் குரும்பைப் பிஞ்சுகளைத் தென்னை மட்டையால் அடித்து விளையாடுவார்களாம். அதைத்தான் இங்கேயும் செய்கிறேன் என்பான். நாங்கள் புத்தகம் படித்து ஆட்டம் கற்றவர்கள். முழங்கையை மடக்காதே, தலையை ஆட்டாதே என்று ஆளாளுக்கு அவனுக்குப் பாடம் சொன்னோம். எல்லாவற்றுக்கும் "செரிங்க, செரிங்க" என்பான். பிறகு குரும்பையை அடிக்கிற மாதிரியே அடிப்பான்.

அவன் மட்டையைப் பின்னால் கொண்டுபோவதில் அவசரமே இருக்காது. தோளுக்கு மேலே போனதும் ஏதோ ஞாபகம் வந்தவன் போல ஒரு கணம் நிற்பான். பிறகு நடப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் செய்த நல்ல பூட்டு ஒன்றைச் சாத்தும்போது, உள்ளே நெம்புகோல்களெல்லாம் ஒரே சமயத்தில் விழுந்து ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். சின்னதாக, முடிவாக இருக்கும். அது கேட்டுவிட்டால் பந்தைத் தேடி வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நேரே கல் பக்கம் பார்க்கலாம் என்று நாளடைவில் தெரிந்துகொண்டோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே அடியில் முந்நூறு கெஜம் போகிறவன், குழிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு தட்டித் தட்டி மானத்தை வாங்குவான். முழு ஆட்டத்தில் பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். அதை யாரும் பார்க்க வரவில்லை. அவனுடைய முதல் அடியைப் பார்க்க வண்டல் வண்டிக்காரர்கள்கூட மாட்டை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

கைராசி

அந்த முதல் நாள் பந்தை எடுத்துக் கொடுத்தது என் கை. அதனால் என் கை ராசியான கை என்று முடிவு கட்டிவிட்டான். நான் எடுத்துக் கொடுத்தால்தான் பந்தை வாங்குவான். நான் கோர்ட் வேலையாக வராத நாட்களில் மட்டையையே தொட மாட்டானாம். மற்றவர்கள் கேலி செய்வார்கள். ரயில்வே டாக்டர், "வக்கீல் கை பட்டால் கேஸ்தான் இழுக்கும், பந்து எப்படி ஓடும்?" என்பார்.

"ஓடுதுங்களே" என்பான் சென்னியப்பன்.

முதல் வருஷம் நான் அவனுக்கு வக்கீலய்யா. இரண்டாம் வருஷம் அண்ணன் ஆகிவிட்டேன். எப்போது மாறியது என்று எனக்கு நினைவில்லை.

விடியும்போது மண்டியிலிருந்து சைக்கிளில் இளநீரோடு வருவான். நாங்கள் இருவரும் மற்றவர்களுக்கு முன்பே மேட்டில் இருப்போம். முதலில் மூக்கை நிமிர்த்தி மோந்து பார்ப்போம். தோல் ஷாப்பு வாடை வந்தால் எதிர்க்காற்று என்று அர்த்தம். அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. "நாத்தத்தைக் கிழிச்சுட்டுப் போகுமுங்கண்ணா" என்பான்.

ஆட்டம் முடிந்து கரையில் உட்காருவோம். இளநீர் சீவுவான். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். தோப்பில் எந்த மரம் காய்க்கவில்லை, எந்த ஜட்ஜ் தூங்கிப் போகிறார், இப்படி. வெயில் ஏறி, வேலைக்கு நேரமாகி, இருவரில் ஒருவர் எழுந்திருக்க வேண்டியிருக்கும். யார் முதலில் எழுவது என்பதில் ஒரு தயக்கம் இருக்கும். "உங்களுக்கு அந்தக் குளந்தான் மாமியார் வீடு" என்று என் மனைவி சொல்லுவாள்.

அதற்கப்புறம் எத்தனையோ பேரோடு பழகினேன். அப்படி ஒரு காலை நேரம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போதும் இளநீரைச் சீவும் சத்தம் தெருவில் கேட்டால் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறேன்.

இரண்டு டப்பாக்கள்

பந்துகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எளிதில் வராது. ஒரே பந்தை வருஷக்கணக்காக அடிப்போம். மட்டையின் விளிம்பு பட்டுத் தோல் கிழிந்து வாய் பிளந்திருக்கும். அதை ஒட்டி, மேலே வெள்ளை எனாமல் பூசிக் காயவைப்பார் மூக்கையா. ஆகையால் எங்களிடம் இருந்த எல்லாப் பந்துகளும் பார்க்கப் புதிதாகவே இருக்கும்.

ஆட்டத்தில் காணாமல் போகும் பந்துகள் பள்ளத்தில், வெடிப்பில், கோரைப் புல்லில் கிடக்கும். மழை வரும். குளம் நிரம்பும். சில மாதம் தண்ணீருக்குள் ஊறிக் கிடந்து, குளம் வற்றியதும் சேற்றோடு அகப்படும். அவற்றையும் கழுவிக் காயவைத்து எனாமல் பூசுவோம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அடித்தால் தெரியும். உள்ளே சுற்றியிருக்கும் ரப்பர் ஊறிச் செத்துப்போயிருக்கும். என்ன அடித்தாலும் பாதி தூரம்தான் போகும். அதைத் தண்ணிப் பந்து என்போம். பழகுவதற்கு மட்டும்தான் எடுப்போம்.

நல்ல பந்துகள் பிஸ்கட் டப்பாவில் இருக்கும். தண்ணிப் பந்துகள் துருப்பிடித்த பால் பவுடர் டப்பாவில் இருக்கும். கிளப்பின் செயலாளர் என்ற முறையில் இரண்டும் என் பொறுப்பு.

புல்லில் அடிக்க ஆசை

மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, மலைக் கிளப்பின் கேப்டன் எங்களைப் பார்க்க இறங்கி வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மேஜர். நேர்மையான மனிதர். குளத்தையும் கல்லையும் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார், நம்பவில்லை. கோடையில் கல்லாக இறுகிய தரையில் பந்து உருண்டே பாதி தூரம் போயிருக்கும் என்றார்.

ஆனால் ஒரு வாக்கும் கொடுத்தார். மழைக்கு முன்னால் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவேன், என் கண்முன்னால் இவர் அந்தக் கல்லைத் தாண்டட்டும். தாண்டினால் நானே மலைக்கு அழைத்துப்போய்ப் புல்தரையில் பழக்குகிறேன். குளிர்காலத்தில் கல்கத்தாவில் நடக்கும் பெரிய அமெச்சூர் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கிறேன். அதுவரை மலையில் தங்குவதற்கு நான் இருக்கும் காப்பித் தோட்டக் கம்பெனியில் ஒரு வேலையும் போட்டுத் தருகிறேன் என்றார்.

மறுநாள் கரையில் உட்கார்ந்திருந்தபோது சென்னியப்பன் இளநீரைச் சீவாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"ஏனுங்கண்ணா, புல்லுல அடிச்சா எப்பிடி இருக்குமுங்க?"

மெத்தென்று இருக்கும் என்றேன். நான் மலைக் கிளப்பில் ஆடியிருக்கிறேன்.

"காலுல செருப்பில்லாம நின்னு ஒருக்கா அடிச்சுப் பாக்கோணும். நானு இந்தக் குளத்தையும் எங்க தோப்பையும் தவிர என்னத்தைப் பாத்தனுங்க? இந்த வருசம் அப்பன் ஊருக்கே வந்துரச் சொல்றாரு. மேஜர் கூப்பிட்டாருன்னா அவரு தடுக்க மாட்டாருங்க. இல்லீன்னா தோப்புதான்."

அவனுக்கு அதில் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு அதில் என்ன இருக்கிறது என்பதும் அப்போதே விளங்கியது. அவன் தாண்டினால் மலைக்குப் போவான், கல்கத்தாவுக்குப் போவான். திரும்பி இந்தக் கரையில் வந்து உட்கார மாட்டான். தாண்டாவிட்டால் நெய்க்காரப்பட்டி. அது பக்கம்தான். மண்டிக்கு வந்து போவான், என்னை விட்டுப் போக மாட்டான் என்று எனக்கு நானே கணக்குப் போட்டேன்.

பொறாமையும் இருந்தது. என் கல்லை அவன் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்தே அது இருந்தது. எதில் எவ்வளவு என்று இத்தனை வருஷம் பிரித்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இடது பை

அந்த ஞாயிறு புரட்டாசிக் கடைசி. சிறுமலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. இரண்டு நாள் முன்பு ஒரு மழை பெய்து தரை ஊறியிருந்தது. பந்து உருளாது. மேஜருக்குத் திருப்தி, இதுதான் சரியான சோதனை என்றார். தோல் வாடை அடித்துக்கொண்டிருந்தது. எதிர்க்காற்று.

மலைக் கிளப்பார் முன்னால் வேட்டியோடு நிற்கக் கூடாது என்று நான்தான் என் காக்கிக் கால்சராய் ஒன்றைக் கொடுத்திருந்தேன். கணுக்காலுக்கு வெகு மேலே நின்றது. "ஐயாவோட டவுசரு அப்புக்கு முழங்காலுக்குத்தான் காணும்" என்று மூக்கையா சிரித்துவிட்டு, பந்து தாண்டினால் தூக்கிக் காட்டச் சிவப்புத் துணியோடு கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மூன்று பந்து அடிக்கலாம் என்றார் மேஜர்.

"ஒண்ணு போதுமுங்க" என்றான் சென்னியப்பன். என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான்.

என் வலது பையில் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்த பந்து இருந்தது. இடது பையில் பால் பவுடர் டப்பாவிலிருந்து எடுத்தது இருந்தது. இரண்டையும் காலையில் வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டுதான் வந்தேன். எதைக் கொடுப்பது என்று அதுவரை முடிவு செய்யவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கை இடது பைக்குள் போனது. 'கை போனது' என்று எழுதுவது வக்கீல் பேச்சு. நான்தான் விட்டேன், நான்தான் எடுத்தேன், நான்தான் வலது கைக்கு மாற்றிக் கொடுத்தேன்.

அவன் அதை வாங்கி, உள்ளங்கையில் ஒருமுறை உருட்டினான். என் முகத்தைப் பார்த்தான். சிரித்தான். குனிந்து வைத்தான்.

மட்டை பின்னால் போனது. தோளுக்கு மேலே அந்த ஒரு கணம் நின்றது. இறங்கியது.

பூட்டுச் சத்தம் வரவில்லை. ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது அவனுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அவன் உடம்பு முழுக்கச் சுற்றி முடித்து, எப்போதும் போல மலைக்கோட்டையைப் பார்த்தபடி நின்றான்.

பந்து தாழ்வாகப் போனது. விழுந்துவிடும் என்று நினைத்த இடத்தில் விழவில்லை. இன்னும் போனது. மூக்கையா துணியைத் தூக்கினார். தாண்டிவிட்டது என்றே நினைத்தேன். அவர் துணியை இறக்கிவிட்டு, மேட்டுப் பக்கமாக நடந்து வந்து நின்றார்.

பந்து கிடந்தது கல்லுக்கு முன்னால், ஒரு மாட்டுவண்டி நீளத்துக்கும் குறைவான தூரத்தில்.

நான் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அபாரமான அடி, ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்றார் மேஜர். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மதியம் எல்லோரும் பிரியாணிக் கடைக்குப் போனோம். கல்லை நகர்த்தினது சென்னியப்பன் இல்லை, வண்டல் வண்டிக்காரன்தான் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கியிருக்கிறான் என்று ஒருவர் சொல்ல, மேஜை முழுக்கச் சிரிப்பு. சென்னியப்பனும் சிரித்தான். இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து ஆட்டம் அன்றோடு முடிந்தது. சில நாள் கழித்து நான் தனியாகக் கரைக்குப் போய், அந்தப் பந்தை நிரம்பிக்கொண்டிருந்த குளத்துக்குள் வீசினேன்.

தை பிறப்பதற்குள் அவன் ஊருக்குப் போய்விட்டான். என் கணக்குப் பொய்த்தது. மண்டியை அவன் தம்பி பார்த்துக்கொண்டான். குளம் வற்றியது, கல் வெளியே வந்தது, அவன் வரவில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் நான் தனியாக மேட்டில் நின்று, பால் பவுடர் டப்பாவில் இருந்த பந்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தேன். காய்ந்த தரை, பின்காற்று. ஒன்றுகூடப் பழைய வக்கீல் கல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் போகவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்த பந்தை, ஈரத் தரையில், எதிர்க்காற்றில் அவன் அவ்வளவு தூரம் கொண்டு போயிருக்கிறான். அவன் அடித்ததிலேயே அதுதான் பெரிய அடி. அதைத் தோல்வி என்று எல்லோரும் எழுந்து போனார்கள். அது எப்பேர்ப்பட்ட அடி என்று உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

தாடிக்கொம்பில்

பிறகு அவனை ஒரே ஒரு தடவை பார்த்தேன். அறுபதுகளின் கடைசி இருக்கலாம். குளத்தில் ஆட்டம் நின்று சில வருஷம் ஆகியிருந்தது. தாடிக்கொம்புப் பெருமாள் கோயில் மண்டபத்தில், சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணோடு நின்றிருந்தான். தலையில் நரை. என்னைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தது அந்த வலது கையைத்தான்.

"இதுதானுங்க அப்பனோட ராசிக்கை" என்று மகளிடம் சொன்னான்.

தூணடியில் உட்கார்ந்தோம். தோப்பு, மழை, பிள்ளைகள் என்று பேசினோம். மகள் துளசி மாலை வாங்கப் போனதும் குரலை இறக்கினான்.

"ஒண்ணு கேக்கோணுமுங்கண்ணா. கோவிச்சுக்கக் கூடாது. அன்னிக்கு மேஜர் வந்தப்ப அடிச்சனே, அது தண்ணிப் பந்துங்களா?"

நான் அவனைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சிற்பத்தைப் பார்த்தேன்.

"கையில வாங்கினப்பவே அப்பிடித்தான் தோணுச்சுங்க. மாத்திக் கேட்டிருக்கலாம். உங்க கை குடுத்ததை எப்பிடிங்க மாத்திக் கேக்கறது? செரி, இதுலயே தாண்டிக் காட்டுவோம், அண்ணன் பாக்கட்டும்னு அடிச்சனுங்க. தாண்டலை. அதுக்கப்பறம் ஒரு நாளைக்குத் தண்ணிப் பந்துன்னு தோணும். ஒரு நாளைக்கு நல்ல பந்துதான், உனக்குத்தான் முடியலைன்னு தோணும். தெரிஞ்சுக்கத்தானுங்க கேக்கறேன். வேற ஒண்ணுமில்லீங்க."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன் அடி எது என்று தெரிந்துகொள்ளக் கேட்டான். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த மண்டபத்திலேயே அவனுக்குக் கல்கத்தாவைவிடப் பெரிய ஒன்று கிடைத்திருக்கும். எனக்கு அது புரிந்தே இருந்தது.

"இல்லையப்பா, நல்ல பந்துதான்" என்றேன்.

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டான்.

"அப்பச் செரிங்க. இத்தன வருசம் ரெண்டு விதமா நெனச்சுட்டிருந்தனுங்க. இனி ஒரு விதமா நெனச்சுக்கறேன். நாந்தான் சரியா அடிக்கலை."

மகள் வந்துவிட்டாள். எழுந்தான். முன்பு கரையில் இருந்த அந்தத் தயக்கம் அன்று இல்லை. அவன்தான் முதலில் எழுந்தான். பஸ்ஸுக்குப் போகும் வழியில் திரும்பி ஒருமுறை கையை அசைத்தான்.

அதற்குப் பிறகு ஒரு கோடையில், தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் மார்வலி வந்து அங்கேயே சாய்ந்துவிட்டதாக மண்டியிலிருந்து செய்தி வந்தது. நான் போகவில்லை. போய் என்ன முகத்தோடு நிற்பது என்று இருந்துவிட்டேன். புல்லில் ஒரு அடிகூட அடிக்காமல் அவன் போய்ச் சேர்ந்தான்.

பந்தைக் கொடுத்ததைக்கூட ஒரு நிமிஷத்துப் புத்திக்கோளாறு என்று சில இரவுகளில் எனக்கு நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். தாடிக்கொம்பில் சொன்ன பதிலுக்கு என்னிடம் வாதம் எதுவும் இல்லை.

அந்த மகள் இப்போது எங்கோ பிள்ளைகுட்டியோடு இருப்பாள். இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்கு வருகிறதா, தெரியாது. வந்தால், மண்டபத்தில் உன் அப்பா பிடித்துக்காட்டிய அந்தக் கைதான் இதை எழுதுகிறது, அம்மா. உன் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இது.

ஆமாம், சென்னியப்பா. அது தண்ணிப் பந்துதான். நீ சரியாகத்தான் அடித்தாய்.